பொக்ரானுக்கு அடுத்த மாதம் நடந்தது

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

மே 11 வந்தால் பொக்ரான் பற்றி எல்லோரும் பதிவு போடுகிறோம். 1998 மே 11-ல் மூன்று, 13-ல் இரண்டு என ஐந்து அணு வெடிப்புச் சோதனைகள். அப்துல் கலாம் அவர்களையும், அப்போது அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர். சிதம்பரம் அவர்களையும் நினைத்துக்கொள்கிறோம். ஒருவர் ராமேஸ்வரம், மற்றவர் சென்னை. நமக்கும் அதில் ஒரு பெருமை உண்டு.

அந்தப் பெருமைக்கு மறு மாதமே வந்த ஒரு தலைகுனிவை யாரும் எழுதுவதில்லை. பாடப்புத்தகத்திலும் அது கிடையாது. உங்களில் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலையில் இருக்கிறீர்கள். உங்களுக்காகவும், கணினி தெரியாத என் வயதுக்காரர்களுக்காகவும் அதைச் சொல்கிறேன். நான் டீச்சர் டிரெயினிங் படித்து வகுப்பறைக்குப் போனவள், கணினிப் பட்டம் எதுவும் கிடையாது. அதனால் எனக்குப் புரிகிற மொழியிலேயே சொல்கிறேன்.

1998 ஜூன் முதல் வாரம். மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளுக்குள் வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள். விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்களை எடுத்தார்கள். மையத்தின் இணையப் பக்கத்தில் அணுகுண்டின் காளான் மேகப் படத்தைப் போட்டு, அணு ஆயுதத்துக்கு எதிராக எழுதி வைத்தார்கள். இரண்டு சர்வர்களில் இருந்ததை அழித்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டார்கள். செய்தியை முதலில் வெளியிட்டது அமெரிக்காவின் வயர்டு நியூஸ்.

யார் இவர்கள்? எதிரி நாட்டு உளவாளிகளா? இல்லை. மில்வோர்ம் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட பிள்ளைகள். அமெரிக்கா, இங்கிலாந்து, நெதர்லாந்து, நியூசிலாந்து என்று நாலு திசையில் இருந்தவர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வயது. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

மையத்தின் தரப்பில் ஊடுருவலை ஒப்புக்கொண்டார்கள். ஆயுத ரகசியம் எதுவும் இணையத்தோடு இணைந்த கணினிகளில் இல்லை என்றும் சொன்னார்கள். நல்லவேளை. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது அல்லவா? குண்டு செய்யத் தெரிந்த நாட்டின் அணு மையத்துக்குள் மீசை முளைக்காத பிள்ளைகள் எப்படி நுழைந்தார்கள்?

விடை தெரிய வேண்டுமானால் யூனிக்ஸ் என்ற இயக்கு மென்பொருளின் கதைக்குப் போக வேண்டும். அன்று ஆராய்ச்சி நிலையங்களின் பெரிய கணினிகளில் ஓடியது பெரும்பாலும் அதன் ஏதாவது ஒரு வகைதான்.

கதவு திறந்தே இருந்த வீடு

யூனிக்ஸ் பிறந்தது 1969-ல், அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில். கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி என்ற இருவர் முதன்மையானவர்கள். ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ள அது வழி செய்தது. பங்கிட்டவர்கள் யார்? ஒரே கூடத்தில் வேலை பார்த்த, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆய்வாளர்கள்.

நம் வைசியாள் வீதியின் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் தாழ்வாரம், அதையொட்டித் திண்ணை. வழிப்போக்கர் யாரும் உட்காரலாம். பகல் முழுக்கத் தெருக்கதவு திறந்தே இருக்கும். அதைக் கட்டியவர்களை யாரும் முட்டாள் என்று சொல்ல மாட்டோம். தெருவில் எல்லோரும் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். யூனிக்ஸும் அப்படிப்பட்ட வீடு. முதலில் எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒரு கோப்பில் பூட்டாமல் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. பிறகுதான் அதை உருமாற்றி, படித்தாலும் புரியாத வடிவில் வைக்கும் முறை வந்தது.

தாம்ப்சனும் ராபர்ட் மோரிஸ் என்ற கணித அறிஞரும் 1979-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயனாளர்கள் வைத்திருந்த 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். ஓரெழுத்து, ஈரெழுத்தில் சில. அகராதியில் உள்ள சொல், ஆள் பெயர் என்று பல. மொத்தத்தில் 86 சதவீதம் எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடியவை.

இந்த இடத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். தாங்கள் கட்டிய வீட்டின் பூட்டு எவ்வளவு லேசானது என்பதைத் தாங்களே உலகத்துக்கு எழுதிச் சொன்னார்கள். மறைத்து வைக்கவில்லை. சொன்ன பிறகு கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் மிச்சக் கதை.

அப்பா எழுதிய கட்டுரை, பிள்ளை விட்ட புழு

எண்பதுகளில் பல்கலைக்கழகக் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. தெருவுக்குள் இருந்த வீடு நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. கதவு மட்டும் பழைய கதவு.

1988 நவம்பர் 2 மாலை, கார்னெல் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் தானே பரவும் ஒரு சிறு நிரலை இணையத்தில் விட்டான். புழு என்று அதற்குப் பெயர். அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். ஒரே கணினிக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து, அது மூச்சுத் திணறி நிற்கும்படி செய்தது. மாணவனின் பெயர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். ஆம், பாஸ்வேர்டு கட்டுரை எழுதிய அதே மோரிஸின் மகன். அப்பா அப்போது அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு நிபுணர்!

அந்தப் புழு நாலு வழியில் நுழைந்தது. வகுப்பறையில் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

முதல் வழி, சென்ட்மெயில். இது மின்னஞ்சலை வாங்கி அனுப்பும் தபால்காரர். அதைச் சோதித்துப் பார்க்க, எழுதியவர் உள்ளே ஒரு வழி வைத்திருந்தார். அந்த வழியில் போனால் கடிதத்துக்குப் பதில் கட்டளையையே அனுப்பலாம், கணினி நிறைவேற்றிவிடும். கொத்தனார் சாரம் கட்டி ஏறி இறங்க விட்ட வழியைக் கிரகப்பிரவேசம் முடிந்தும் அடைக்காமல் விட்டது போல.

இரண்டாம் வழி, ஃபிங்கர். "உள்ளே யார் வேலை செய்கிறார்கள்?" என்று வெளியிலிருந்து கேட்டால் பதில் சொல்லும் நிரல். கேள்வியை எழுதிக்கொள்ள 512 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அதற்கு மேல் வந்தால் நிறுத்து என்று சொல்ல மறந்துவிட்டார்கள். நீங்கள் பூர்த்தி செய்த விண்ணப்பப் படிவங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு இருபது கட்டம். அதன் கீழே "அலுவலக உபயோகத்திற்கு மட்டும்" என்ற பகுதி. ஒருவன் பெயரை நீட்டி நீட்டி எழுதி, கட்டத்தைத் தாண்டி, அலுவலகப் பகுதியில் "அனுமதிக்கப்பட்டது" என்று தானே எழுதிவிட்டான். படிவத்தை வாங்கியவர் அதையும் அதிகாரி எழுதியது என்று நம்பிவிட்டார். இதற்கு பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பெயர். இத்தனை ஆண்டு கழித்தும் இந்த வகை ஓட்டை ஒழியவில்லை.

மூன்றாம் வழி, பக்கத்து வீட்டு நம்பிக்கை. "இந்தக் கணினியிலிருந்து யார் வந்தாலும் பாஸ்வேர்டு கேட்காதே" என்று ஒரு பட்டியல் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்குள் திருடன் புகுந்தால், பட்டியலில் உள்ள அத்தனை வீடும் அவனுக்குத் திறந்துகொள்ளும்.

நாலாம் வழி, ஊகம். முதலில் பயனரின் பெயரையே பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கும். பிறகு பெயரைத் திருப்பிப் போடும். பிறகு தன்னிடம் இருந்த 432 சொற்களை ஒவ்வொன்றாக முயலும். ஒன்பது ஆண்டுக்கு முன் அப்பா எச்சரித்த அதே பலவீனம்!

மாணவன் கெட்ட நோக்கத்தோடு விட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் 1990-ல் தண்டனை வந்தது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பின்னாளில் அவரே எம்.ஐ.டி. பேராசிரியர் ஆனார். புழு வந்த அதே மாதம் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சி.இ.ஆர்.டி. என்ற அவசர உதவி மையம் உருவானது. ஓட்டை தெரிந்தால் எல்லோருக்கும் அறிவிப்பு, அடைக்க ஒட்டு நிரல் என்ற வழக்கம் அங்கிருந்துதான் வேர் பிடித்தது.

நம் ஊருக்கு இணையம் வந்தபோது

இந்தியாவில் 1986-ல் எர்நெட் திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உட்பட சில கல்வி நிலையங்கள் அதில் இணைந்தன. பொதுமக்களுக்கு இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், விதேஷ் சஞ்சார் நிகாம் மூலம். அப்போது மாணவர்களுக்குக் கொடுத்த மலிவான ஷெல் கணக்கில் படம் வராது, எழுத்து மட்டும்தான். அந்தக் கணக்கு திறந்ததும் யூனிக்ஸ் கணினி ஒன்றில்தான். வங்கிக் கிளைகளில் கறுப்புத் திரையில் எழுத்து ஓடிய இயந்திரங்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றிலும் பல யூனிக்ஸ் வகை. பெயர் தெரியாமலேயே நாம் எல்லோரும் அதன் வாசலில் வரிசையில் நின்றவர்கள்தான்.

ஆக, யூனிக்ஸ் நமக்கு வந்தபோது அதற்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. அதன் பலம் பலவீனம் எல்லாம் அச்சில் இருந்தன. இப்போது 1998-க்குத் திரும்புவோம்.

அந்தப் பிள்ளைகள் பாபா மையத்துக்குள் நுழைந்த வழி பற்றி இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, சென்ட்மெயிலில் இருந்த, பலருக்கும் தெரிந்த ஓட்டை. மற்றொன்று, அந்த ஆண்டு நவம்பரில் ஃபோர்ப்ஸ் இதழில் வந்தது. அதன்படி, ஒரு சிறுவன் பாஸ்வேர்டு கோப்பை எடுத்து, யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஓர் உடைப்பு நிரலில் போட்டான். ஒரு நிமிடத்துக்குள் ஒரு பாஸ்வேர்டு வந்து விழுந்தது. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஒரே சொல்.

மேலே எழுதிய நாலு வழியை மறுபடி பாருங்கள். முதல் வழி சென்ட்மெயில். நாலாம் வழியில் முதல் படி, பயனர் பெயரையே பாஸ்வேர்டாகப் போடுவது. 1988-ல் இருந்த குறிப்பிட்ட சென்ட்மெயில் ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டார்கள். அதன் பிறகு அதில் புதிது புதிதாக ஓட்டைகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பும் ஒட்டும் வந்துகொண்டே இருந்தன. வாங்கி ஒட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

என் கட்சி இதுதான். 1979-ல் எழுதிச் சொன்னார்கள். 1988-ல் ஒரு புழு ஊரறிய நிரூபித்துக் காட்டியது. 1998-ல் நம் அணு மையம் அதே பாடத்தில் தோற்றது. பூட்டை உடைக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. தெரிந்த ஓட்டை திறந்தே இருந்தது. பழைய யூனிக்ஸின் ஓட்டைகளைப் பற்றிப் பேசும்போது நாம் கட்டியவரைத்தான் குறை சொல்கிறோம். கட்டியவர் தன் குறையைச் சொல்லிவிட்டார். குடியிருந்தவர்தான் ஓடு மாற்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் மீது வழக்குப் போட நம்மிடம் அன்று தனிச் சட்டமே கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2000 அக்டோபர் 17-ல். அமெரிக்காவில் புழு வந்த மாதமே உருவான அவசர உதவி மையம் போன்ற ஒன்று, செர்ட்-இன் என்ற பெயரில் நமக்கு வந்தது 2004 ஜனவரியில். பதினைந்து ஆண்டு இடைவெளி.

எது காப்பாற்றியது?

நம் ஈ.சி.ஆர். சாலையில் சென்னைக்குப் போகும்போது கல்பாக்கத்தைத் தாண்டித்தான் போகிறோம். தெற்கே கூடங்குளம். அதனால் நமக்கு இது தூரத்து மும்பைச் செய்தி இல்லை.

2019 அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் ஓர் அறிக்கை கொடுத்தது நினைவிருக்கும். கூடங்குளத்தில் நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட ஒரு கணினியில் தீய நிரல் இருந்தது உண்மை. செப்டம்பர் 4-ஆம் தேதி செர்ட்-இன் அதைத் தெரிவித்தது. அணு உலையை இயக்கும் கணினிகள் தனியாக இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. இதுதான் சாரம். அது விண்டோஸ் கணினி, யூனிக்ஸ் இல்லை. ஆனால் 1998-ல் மும்பை சொன்ன சமாதானமும் 2019-ல் கூடங்குளம் சொன்ன சமாதானமும் ஒன்றே: "முக்கியமானது தனி அறையில் இருக்கிறது."

தனி அறை நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. பழைய வீடுகளில் நகை முன்கட்டில் இருக்காது, பின்கட்டு அறைக்குள் பெட்டியில்தான் இருக்கும். அதற்காக வாசல் தாழ்ப்பாள் உடைந்திருந்தால் பரவாயில்லை என்று எந்தக் குடும்பத்துப் பெரியவரும் சொன்னதில்லை.

இருபத்தைந்து வயது ஓட்டை

"டீச்சர், இதெல்லாம் பழங்கதை" என்று ஐ.டி. பிள்ளைகள் சொல்வீர்கள். உங்கள் கைபேசி ஆண்ட்ராய்டுக்குள் இருக்கும் லினக்ஸ், யூனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளைதான். ஆப்பிளும் அதே வம்சம்.

2014 செப்டம்பர் 24-ல் ஷெல்ஷாக் என்ற ஓட்டை வெளியானது. பாஷ் என்ற நிரலில், 1989 முதல் யார் கண்ணிலும் படாமல் இருபத்தைந்து ஆண்டு கிடந்தது. கண்டுபிடித்தவர் பிரிட்டனில் பணியாற்றிய ஸ்டெஃபான் ஷாசலா. லட்சக்கணக்கான சர்வர்கள் நம்பியிருந்த அந்த நிரலைப் பராமரித்து வந்தவர் யார் தெரியுமா? செட் ரேமி என்ற ஒரே ஒருவர். சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில். கோயில் குளத்தைத் தனி ஆளாக இறங்கித் தூர் வாரும் பெரியவரைப் போல. குளத்து நீரில் ஊரே குளித்தது, கூட இறங்க ஆள் வரவில்லை. இந்த ஓட்டை தெரியாமல் இருந்த ஓட்டை, அதனால் யாரையும் திட்ட முடியாது. தெரிந்த பிறகு எத்தனை நாளில் அடைத்தீர்கள் என்று மட்டும் கேட்கலாம்.

2016-ல் வந்தது மிராய். இது நம் வீட்டுக்கே வந்த கதை. கண்காணிப்பு கேமரா, அதன் பதிவுப் பெட்டி, இணைய ரவுட்டர் இவற்றுக்குள் சிறிய லினக்ஸ் ஓடுகிறது. தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் பாஸ்வேர்டை யாரும் மாற்றுவதில்லை. மிராய் சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளைக் கையில் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க வாசல் வாசலாகத் தட்டியது. லட்சக்கணக்கான கருவிகள் கதவைத் திறந்தன. அந்தக் கருவிகளைக் கொண்டு அக்டோபர் 21-ல் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. 1988-ல் 432 சொற்கள். 2016-ல் அறுபதே போதுமானதாக இருந்தது. நாம் முன்னேறியிருக்கிறோமா, நீங்களே சொல்லுங்கள்!

கடைசியாக மூன்று வேண்டுகோள்

1) பாரிசிலும் மற்ற ஊர்களிலும் இருக்கும் உறவினர்களே, இங்கே பூட்டிக்கிடக்கும் வீட்டைப் பார்க்கக் கேமரா வைத்திருக்கிறீர்கள். பொருத்தியவர் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருக்கிறதா? இன்றே மாற்றுங்கள். நீங்கள் பார்க்கும் வாசலை முன்பின் தெரியாத ஒருவனும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கம்பெனி புதுப்பிப்புத் தருவதை நிறுத்திய பழைய ரவுட்டர் இருந்தால் அதற்கு ஓய்வு கொடுங்கள். எனக்கே கொடுத்துவிட்டார்கள், அதற்கு என்ன!

2) அலுவலகத்தில் சர்வர் பார்க்கும் மாணவர்களே, "ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே" என்று மேலதிகாரி சொல்வார். பழைய இயந்திரம், நின்றுவிட்டால் திரும்ப எழும்பாதோ என்ற பயம் நியாயமானதுதான். அப்படியானால் அதை இணையத்திலிருந்து பிரித்துத் தனி அறையில் வையுங்கள். என்ன ஓட்டை இருக்கிறது என்று எழுத்து மூலம் கொடுத்துவையுங்கள். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில் ஆவணம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

3) பதவியில் உயர்ந்துவிட்டவர்களே, உங்கள் கீழே வேலை செய்யும் பையனோ பெண்ணோ "சார், இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது" என்று வந்து சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். வெளியிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளை வந்து சொல்வதைவிட, உள்ளே இருப்பவர் சொல்வது எவ்வளவோ மேல்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உங்கள் அலுவலகப் பெயரைச் சொல்லாமல் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மற்ற பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
புதுச்சேரி